அத்தியாயம் 12: தெரிந்த சொல் பட்டியலில் வராது

காலையில் எழுந்ததும் அம்மா முதலில் பார்ப்பது, மகள் முந்தின நாள் எந்தெந்தச் சொல்லுக்கு அர்த்தம் தேடினாள் என்பதைத்தான். முகம் கழுவுவது அதற்குப் பிறகு.

சின்னவள் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்து பதினொரு வாரம் ஆகிறது. புறப்படுவதற்கு முன் அவள் அண்ணன் ஓர் இணைய அகராதியில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தான். ஒரே கணக்கு, இரண்டு இடத்தில் திறந்திருக்கும். அவள் அங்கே ஒரு சொல்லைத் தேடினால், 'தேடியவை' என்ற பட்டியலில் அம்மாவின் போனிலும் வந்து விழும், தேடிய நேரத்தோடு.

"அவ படிக்கிறத நானும் படிக்கிறேன்" என்று ஆரம்பித்தது. இப்போது அம்மாவின் நோட்டில் எழுநூறு சொற்களுக்கு மேல் இருக்கின்றன. பட்டியலில் இருப்பதை அப்படியே இறக்கி எழுதுவாள். நேரம் ஒரு பத்தி, ஜப்பானிய ஒலி ஒரு பத்தி, அர்த்தம் ஒரு பத்தி. அகராதி ஆங்கிலம் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். அங்கிருந்து தமிழுக்கு வர இன்னொரு அகராதி.

சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் குறிப்புகள்தான் அவளுக்கு அதிகம் பிடித்தவை. செம்பாய் என்றால் வயதில் மூத்தவர் அல்ல, நமக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் பேச்சைத் தட்டுவது வழக்கமில்லை. ஒட்சுகரெசாமா என்பது வேலை முடித்தவரிடம் சொல்வது. அப்பா லிஃப்ட் பழுதுபார்த்துவிட்டுக் கிரீஸ் கையோடு வீடு திரும்பும்போது அதைச் சொல்லிப் பார்த்தாள்.

"திட்டுறதுன்னா தமிழ்லயே திட்டு" என்றார் அவர்.

போன மாதம் அம்மாவும் மகளும் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். வேலைத் தளத்தில் போனுக்கு அனுமதி இல்லை. ஆனால் அறிக்கை எழுத இல்லத்திலேயே ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். அதில் அகராதிக் கணக்கைத் திறந்து வைத்திருந்தாள் சின்னவள். அம்மா இங்கே 'சாப்பிடுதல்' என்று தேடுவாள். சற்று நேரத்தில் அங்கிருந்து 'ருசி' என்ற சொல் வந்து விழும். சாப்பிட்டாயிற்று என்று அர்த்தம். இந்தக் கள்ளத் தந்தி தங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று காலை பட்டியலில் ஆறு சொற்கள் இருந்தன.

மணிக்கட்டு. இறுக்கிப் பிடித்தல். ரத்தக்கட்டு. மறைத்தல். வாயை மூடிக்கொள்ளுதல். நேரில் பார்த்த சாட்சி.

ஆறும் இருபது நிமிடத்துக்குள் தேடியவை. அம்மா நோட்டில் எழுதினாள். அர்த்தம் தப்பாக இருக்குமோ என்று இன்னொரு அகராதியில் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது.

"என்னங்க, இங்க வாங்க."

அப்பா பாதி சவரத்தில் வந்து படித்தார்.

"ஏதாவது பாடமா இருக்கும்."

"எந்தப் பாடத்துல ரத்தக்கட்டும் சாட்சியும் அடுத்தடுத்து வரும்?"

"போலீஸ் பாடத்துல" என்றார். சொன்ன பிறகு அவருக்கே அது சிரிப்பாக இல்லை. "போன் போட்டுப் பாரு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய கடிகாரம் இங்கிருப்பதைவிட முன்னால் ஓடுவது. இந்நேரம் தளத்தில் இருப்பாள். நேற்று அனுப்பிய செய்தி மட்டும் இருந்தது: 'நல்லா இருக்கேன்மா. தூக்கம் வருது.'

"நல்லா இருக்கேங்கிறாளே" என்றான் பெரியவன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"பள்ளிக்கூடத்துல கை உடைஞ்ச அன்னிக்கும் அதத்தான் சொன்னா."

"அவகூட ஒரே ரூம்ல ஒரு அக்கா இருக்காங்களே. செம்பாய். வேலையெல்லாம் அவங்கதான் சொல்லிக் குடுக்குறாங்கன்னு சொன்னாளே. ஏதாவதுன்னா அவங்க பார்த்துக்க மாட்டாங்களா? சாயங்காலம் வரைக்கும் பொறும்மா. வெறும் வார்த்தைய வெச்சிக்கிட்டுப் பதறாத."

பெரியவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைக்கிறான். எதையும் அளந்துதான் பேசுவான். அவன் சொன்னது நியாயம். ஆனாலும் அம்மா நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பினாள்.

*

அம்மா வேலை பார்ப்பது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் சூடான உருளைக்குள் ஈரமாகப் போய், மறுபக்கம் மொடமொடவென்று வரும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவர் மடிக்க வேண்டும். எதிர்முனையில் நிற்பவளுக்குக் கூடத்தில் ரேடியோ என்று பெயர். அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ.

"என்ன, மூஞ்சி கஞ்சி போட்டமாதிரி இருக்கு?"

அம்மா சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"அய்யய்யோ! அடிச்சிருக்காங்க" என்றாள் ரேடியோ, விரிப்பைக்கூட மடிக்காமல். "எங்க நாத்தனார் பொண்ணு இப்படித்தான் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனா. போன உடனே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வெச்சிக்கிட்டாங்க. எட்டு மாசம். குரல் மட்டும் வரும், நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு. பக்கத்துலயே ஆள் நிப்பான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். ஓடித்தான் வந்தா."

பின்னால் விரிப்புகள் தேங்கின. மேற்பார்வையாளர் விசிலடித்தார். அம்மா மடித்தாள். முனையோடு முனை சேர்த்து, பாதியாக, கால்வாசியாக. கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துணி வரவில்லை, ஒரு மணிக்கட்டுதான் வந்துகொண்டிருந்தது.

தேநீர் இடைவேளையில் அவள் சோப்புத்தூள் அடுக்கிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மகளுக்குப் போன் போகாது. செய்தி அனுப்பினாலும் வேலை முடிந்துதான் பார்ப்பாள். பட்டியல் ஒன்றுதான் அங்கே உடனே போய்ச் சேரும்.

தேடினாள். பாஸ்போர்ட்.

பிறகு கெய்சட்சு, போலீஸ். பிறகு நிகெரு, தப்பி ஓடுதல். கடைசியாகக் காயெரு, வீடு திரும்புதல்.

நான்கு சொல். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள், போலீஸிடம் போ, ஓடு, வீட்டுக்கு வா. மகளுக்குப் புரியும் என்று காத்திருந்தாள். அங்கிருந்து ஒரு சொல் வந்தால் போதும். 'சாப்பாடு' என்று வந்தால்கூடப் போதும்.

எதுவும் வரவில்லை.

இடைவேளை முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது பட்டியல் அசைந்தது. புதுச் சொல் எதுவும் வந்து சேரவில்லை. இருந்த ஒன்று போய்விட்டது. மணிக்கட்டைக் காணோம்.

அம்மா திரையைத் துடைத்துப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 'இறுக்கிப் பிடித்தல்' போயிற்று. பிறகு ரத்தக்கட்டு. யாரோ அங்கே உட்கார்ந்து அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்கள். மறைத்தல் போயிற்று. வாயை மூடிக்கொள்ளுதல் போயிற்று. சாட்சி போயிற்று.

அம்மா போட்ட நான்கு மட்டும் அப்படியே நின்றன.

தன் மகள் அழிப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்திருப்பாள். இப்படி ஆறை அழித்து நான்கை விட்டுவைக்க அவளுக்கு என்ன காரணம்? இது வேறு கை. அது புரிந்ததும் அம்மா அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டு, மகனின் கடைக்குக் கிளம்பினாள்.

*

கண்ணாடிக் கடை நடந்து போகும் தூரம். பின்னறையில் லென்ஸ் அரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, பெரியவன் அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தான். காலையில் அளந்து பேசியவன் இப்போது கணக்கின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். அப்பா லிஃப்ட் குழிக்குள் இருந்து ஏறி, கை கூடக் கழுவாமல் வந்து சேர்ந்தார்.

"யாரு அழிச்சது?"

"தெரியல. இந்த நாலும் நம்ம போன்ல இருந்து போனது. அது மட்டும் கணக்குல காட்டுது."

"நான்தான் அனுப்பினேன்" என்றாள் அம்மா.

"ஓடுன்னு அனுப்பினியா?" அப்பாவின் குரல் ஏறியது. "எங்க ஓடுவா? அவளுக்கு அந்த ஊர்ல பஸ் ஸ்டாண்டு கூடத் தெரியாதுடி!"

அப்போது மணி அடித்தது. மகள்தான். படம் இல்லை, குரல் மட்டும். பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் சத்தம்.

"அம்மா, போலீஸ், பாஸ்போர்ட்டெல்லாம் நீயா தேடுன?"

"ஆமாடி. உன்னை யாரு அடிச்சது? கையைக் காட்டு முதல்ல."

"என் கையில ஒண்ணும் இல்லம்மா! என்னை யாரும் அடிக்கல."

மூவரும் மூச்சு விட்டார்கள். ரொம்பச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள்.

"ஏழாம் ரூம் தாத்தாவுக்குத்தான் அடி. அவருக்குப் பேச்சு வராது. நேத்து குளிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சாரு. அக்கா கோவத்துல அவர் கையைப் பிடிச்சு முறுக்கிட்டாங்க. நான் கதவுகிட்ட நின்னு பார்த்தேன். சொல்லாத, வாயை மூடிக்கோன்னாங்க. நான் விபத்து அறிக்கை எழுத உக்காந்தேன். அதுக்குத்தான் அந்த வார்த்தையெல்லாம் தேடுனேன்."

"அறிக்கைன்னு பட்டியல்ல ஒரு வார்த்தை கூட இல்லியேடி!"

"அது எனக்குத் தெரியும்மா. முதல் வாரத்துலயே படிச்சாச்சு. தெரிஞ்ச வார்த்தைய எதுக்குத் தேடுவேன்?"

அம்மா பதினொரு வாரமாக அந்தப் பட்டியலைப் படித்து மகளின் நாளைப் பார்த்துவிட்டதாக நினைத்திருந்தாள். அதில் இருந்ததெல்லாம் மகளுக்குத் தெரியாதவை மட்டும்.

"எழுதி முடிச்சியா?" என்றான் பெரியவன்.

"பாதிதான். பயமா இருந்துச்சு. வேலை சொல்லிக் குடுத்தவங்கடா அவங்க. இன்னிக்கு மத்தியானம் எழுதி முடிக்கலாம்னு டேப்லெட்டைத் திறந்தேன். அக்கா வந்து பிடுங்கிட்டாங்க. அவங்க கையில இருக்கும்போதே வந்து விழுது... பாஸ்போர்ட், போலீஸ், தப்பி ஓடுறது. ஒண்ணு ஒண்ணா." அவள் குரல் உடைந்தது. "முதல்ல அவங்களும் பயந்துட்டாங்க. அப்புறம் சிரிச்சாங்க. என் வார்த்தைய எல்லாம் அழிச்சாங்க. அறிக்கையையும் அழிச்சாங்க. நேரா மேனேஜர்கிட்ட போயிட்டாங்க. கையை முறுக்கினது நான்தானாம். மாட்டிக்குவேன்னு ஓடப் பார்க்குறேனாம். பாருங்க, அவளே தேடி வெச்சிருக்கான்னு."

பெரியவன் போனின் ஒலியை இன்னும் கூட்டினான்.

"இன்னும் அரை மணியில மேனேஜர் கூப்பிட்டிருக்காரு" என்றாள் சின்னவள்.

"நீ ஒண்ணும் அங்க நிக்க வேணாம்" என்றார் அப்பா. "டிக்கெட் போடுறேன். கிளம்பு."

"இப்பக் கிளம்புனா அக்கா சொன்னது நிஜம்னு ஆயிடும்பா."

அப்பா மேசையைப் பிடித்துக்கொண்டார். பத்து மாடிக் குழிக்குள் ஒற்றைக் கம்பியில் தொங்கும்போதும் அப்படிப் பிடிக்காதவர்.

"நான் பேசுறேன்" என்றாள் அம்மா.

"யார்கிட்ட?"

"அந்த மேனேஜர்கிட்ட. நான்தானே தேடுனேன்."

"உனக்கு வார்த்தைதாம்மா தெரியும்" என்றான் பெரியவன். "பேசத் தெரியாது. நீ பாட்டுக்கு ஏதாவது சொல்லி இன்னும் சிக்கலாயிட்டா?"

"இதுக்கு மேல என்ன சிக்கல்? சொல்லு."

அம்மாவை வீடியோவில் பேச விடும்படி மேனேஜரிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டுச் சின்னவள் போனை வைத்தாள்.

*

அரை மணி நேரம். அம்மா அகராதியைத் திறந்தாள். மன்னிப்புக்கு அதில் நாலைந்து சொற்கள் இருந்தன. காலை மிதித்தால் சொல்வது ஒன்று, தாமதமாக வந்தால் சொல்வது ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, மேலதிகாரியிடம் பெரிய தவறுக்குச் சொல்வது என்ற குறிப்போடு ஒன்று. மோஷிவாகே கொஸாய்மசென். சொல்லிவிட்டுத் தலையை உடனே நிமிர்த்தக் கூடாது.

பத்து தடவை சொன்னாள். ஏழாவது தடவைதான் நாக்கு வளைந்தது.

"குனியறப்ப போன்ல உன் உச்சி மண்டைதான் தெரியுது" என்றான் பெரியவன். "கொஞ்சம் பின்னாடி போ." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் அளவெடுத்துப் போனை லென்ஸ் பெட்டிகள் மேல் சாய்த்து வைத்தான்.

திரை விரிந்தது. சிறிய அறை, நீள மேசை. நடுவில் நரைத்த தலையோடு மேனேஜர். இடப்பக்கம் சின்னவள், சீருடையில், வாடி, இருந்த முகத்தில் பாதிதான் மிச்சம். வலப்பக்கம் ஒரு பெண்.

அம்மா ஒரு ராட்சசியை எதிர்பார்த்திருந்தாள். ஒல்லியாக, முடியை இழுத்துக் கட்டி, மடியில் கைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அடக்கமாக உட்கார்ந்திருந்தாள் அவள். சலவைக்கூடத்தில் எதிர்முனை பிடிக்க வந்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் அம்மாவை அதிகம் பயமுறுத்தியது.

அம்மா குனிந்தாள். சொன்னாள். நிமிரவில்லை. மனதுக்குள் ஐந்து எண்ணினாள். பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

"முசுமே ஜா நாய். வதாஷி" என்றாள். மகள் இல்லை, நான். "வதாஷி கா ஷிராபேமாஷ்தா." நான்தான் தேடினேன்.

மேனேஜர் சின்னவளைப் பார்த்தார். சின்னவளின் கண் கலங்கியிருந்தது. அம்மா ஜப்பானியம் பேசி அவளே இதுவரை கேட்டதில்லை.

பெரியவன் தன் போனில் கணக்கின் பக்கத்தைத் திறந்து காட்டினான். நான்கு சொற்களும் எந்தக் கருவியிலிருந்து தேடப்பட்டவை என்று அதில் இருந்தது. அம்மா நோட்டைத் திறந்து காட்டினாள். தமிழ் எழுத்து அவருக்குப் புரியாது, நேரம் புரியும். ஆறு வரி, இருபது நிமிடம், நேற்று. ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துத் தனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் வாசித்தாள். தெகுபி, மணிக்கட்டு. ட்சுகாமு, இறுக்கிப் பிடித்தல். வலப்பக்கத்துப் பெண்ணின் மடியில், மேலே இருந்த கை நகர்ந்து கீழே இருந்த கையை மூடியது.

"மெமோ" என்றாள் அம்மா, நோட்டைத் தட்டி. "பட்டியலில் இன்று காலை இருந்தது. இப்போது இல்லை." அதை எப்படியோ சொல்லிவிட்டாள்.

"ஸோ தெஸு நே" என்றார் மேனேஜர், நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா காதோரம் குனிந்தார். "என்ன சொல்றாரு? ஒத்துக்கிட்டாரா?"

"அப்படித்தான்னு அர்த்தம். ஆனா ஒத்துக்கிட்டதா எடுத்துக்கக் கூடாதுன்னு குறிப்புல போட்டிருக்கு. யோசிக்கிறாரு."

பிறகு அவர் சின்னவள் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது அம்மாவுக்கே புரிந்தது. யார்?

சின்னவள் மேசையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். காலையிலிருந்து மகளுக்குச் சொல் மேல் சொல்லாக அனுப்பியவள் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். இதற்குமேல் ஒரு சொல் போட்டாலும் அது மகளின் சொல்லாக இல்லாமல் தன் சொல்லாகிவிடும்.

சின்னவள் பேசினாள். மெதுவாக ஆரம்பித்து, நிறுத்தாமல் பேசினாள். அம்மாவுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பிடிபட்டது. குளியலறை. கதவு. பார்த்தேன். கடைசியில், வலப்பக்கத்தில் இருந்தவளைக் கை நீட்டிக் காட்டாமல், அவள் பெயரை மரியாதையோடு சொன்னாள்.

அந்தப் பெண் மறுக்கவில்லை. அழவும் இல்லை. சின்னவளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்து, அது ஏறியிருக்கிறதா என்று சோதிப்பதுபோல.

திரை அணைந்தது.

*

கால்மணி நேரத்தில் சின்னவள் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். நடைவழியில் நின்று கிசுகிசுத்தாள்.

"விசாரிக்கணுமாம். தாத்தாவோட பிள்ளைங்க வரணும், டாக்டர் பார்க்கணும். மூணு நாள் ஆகும். அது வரைக்கும் யாரு மேலயும் முடிவு பண்ண மாட்டாங்களாம். ரெண்டு பேரும் எப்பவும்போல வேலை பார்க்கணும்."

"உன்னை நம்புறாரா?"

"முகத்தைப் பார்த்தா தெரியலடா. உள்ள இருக்கிற விஷயத்த வெளியில கொண்டுபோனதுக்குத் தனியா ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லியிருக்காரு. ஏழாம் ரூமுக்கு என்னை இனிமே அனுப்ப மாட்டாங்க. அக்காவையும் அனுப்ப மாட்டாங்க."

"அப்பாடா" என்றார் அப்பா. நாற்காலியில் சாய்ந்து, கிரீஸ் கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சொல்ல வேண்டியதச் சொல்லிட்டா. எம் பொண்ணு சொல்லிட்டா. போடா, டீ சொல்லு."

பெரியவன் எழுந்தான். அம்மா எழவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இன்னிக்கு எங்கடி படுப்ப?"

சின்னவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அதே ரூம்லதாம்மா. கேட்டுப் பார்த்தேன். வேற ரூம் காலி இல்லன்னுட்டாங்க."

வாசல்வரை போன பெரியவன் நின்றுவிட்டான்.

"கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கில்ல? நல்லா உள்பக்கம் போட்டுக்கிட்டுப் படு" என்றார் அப்பா.

"தாழ்ப்பாள் போட்டா, அக்காவும் உள்ளதானேப்பா இருப்பாங்க?"